இலைமேல் இளஞ்சிவப்பு: வறட்சித் தெளிப்பாகும் மெத்தைலோபாக்டீரியம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

மழை பொய்த்த ஆண்டில், பூவெடுக்கும் தறுவாயில் உளுந்து வாடத் தொடங்கினால், தமிழ்நாட்டில் விவசாயிக்குச் சொல்லப்படும் தெளிப்புகளுள் ஒன்று பிபிஎஃப்எம். அது உரமும் அல்ல, பூச்சி மருந்தும் அல்ல. உயிருள்ள பாக்டீரியாவை வளர்த்தெடுத்த திரவம். கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், பயிர் வறட்சியைத் தாங்கி நிற்பதற்கான இலைவழித் தெளிப்பாக இதைப் பரிந்துரைத்து வருகிறது. 'இளஞ்சிவப்பு நிறமி கொண்ட, வேண்டும்போது மெத்தனாலையும் உண்டு வாழக்கூடிய உயிரி' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே அந்தப் பெயர்; அறிவியலில் அதன் பேரினம் மெத்தைலோபாக்டீரியம். இந்தப் பாக்டீரியா இலைமேல் குடியிருந்து சைட்டோகைனின், ஆக்சின் ஆகிய வளர்ச்சி ஊக்கிகளைச் சுரக்கிறது, அதனால் பயிர் தழைக்கிறது, வாட்டத்தையும் தாங்குகிறது என்பது வழக்கமாகத் தரப்படும் விளக்கம்.

அந்த விளக்கத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் ஆய்வுச் சான்று உண்டு. பாக்டீரியா இலைமேல் வாழ்கிறது, ஊக்கிகளைச் சுரக்கிறது, அதைத் தெளித்த பயிர் சில சோதனைகளில் நன்றாக வளர்ந்தும் இருக்கிறது. ஆனால் இம்மூன்றையும் 'அதனால்' என்ற ஒற்றைச் சொல்லால் கோத்துவிட முடியுமா என்பதுதான் இந்த ஆய்வில் நான் எடுத்துக்கொள்ளும் கேள்வி.

இலை என்னும் குடியிருப்பு

இப்பாக்டீரியாவின் வரலாறு இலையில் தொடங்கவில்லை. 1913இல் பசாலிக் என்னும் போலந்து அறிஞர் மண்புழுவின் குடலிலிருந்து இதன் இனமொன்றைப் பிரித்தெடுத்தார். 1961இல் பீல், குவேல் ஆகிய இருவர் இங்கிலாந்தில் காற்றின்வழி வந்து விழுந்த ஒரு வகையைப் பிடித்து வளர்த்தார்கள். மெத்தைலோபாக்டீரியம் என்ற பேரினப் பெயர் 1976இல்தான் வந்தது. இலைப்பரப்பை நுண்ணுயிர்கள் வாழும் தனிச் சூழலாகக் கருதும் பார்வையை 1950களின் நடுவில் முன்வைத்தவர்களுள் டச்சு ஆய்வாளர் ருய்னன் ஒருவர். இவ்விரண்டு கதைகளும் ஒன்றாகச் சேர்ந்தது 1980களில். எந்தச் செடியின் இலையை எடுத்துச் சோதித்தாலும் இந்த இளஞ்சிவப்புப் பாக்டீரியா கிடைக்கிறது என்பதை அமெரிக்காவில் கார்ப் முதலியோர் காட்டினார்கள்.

இதை நம் கண்ணாலேயே பார்க்கலாம். மெத்தனாலை மட்டுமே கரிமச் சத்தாகச் சேர்த்து, பூஞ்சையைத் தடுக்கும் மருந்தும் கலந்த அகார் தட்டின்மேல் (நுண்ணுயிர் வளர்க்கும் கூழ் நிரப்பிய தட்டு) ஓர் இலையைச் சற்று அழுத்தி எடுத்துவிட்டால், ஏறத்தாழ ஒரு வாரத்தில் அந்த இலையின் வடிவமே இளஞ்சிவப்புப் புள்ளிகளாகத் தட்டில் எழும். நுண்ணுயிரியல் மாணவர்கள் இதை இலை அச்சு என்பார்கள். கோலப்பொடியில் உள்ளங்கையைத் தோய்த்துச் சுவரில் பதித்ததுபோல் இருக்கும்.

வாழ்வதற்கு இலை எளிய இடமன்று. பகலில் வெயிலும் புற ஊதாக் கதிரும், இரவில் பனி, எப்போதாவது ஒரு மழைக் கழுவல். உண்பதற்கோ இலையிலிருந்து கசியும் சொற்பச் சர்க்கரை. இதன் இளஞ்சிவப்பு நிறம் கரோட்டினாய்டு வகை நிறமியால் வருவது. அந்த நிறமி வெயிலின் தீங்கிலிருந்து பாக்டீரியாவைக் காக்க உதவுகிறது. இப்பேரினத்தின் கதிர்வீச்சுத் தாங்கும் இனமொன்றை ஜப்பானியர்கள் 1971இல் விவரித்தபோது, அது கிடைத்த இடம் கதிரியக்கத்துக்கு உட்படுத்திய அரிசி மணி.

உணவு விஷயத்தில் இதற்கு ஒரு தனிச் சலுகை உண்டு. இளம் இலை விரியும்போது அதன் செல் சுவரிலுள்ள பெக்டினிலிருந்து மெத்தைல் பகுதிகளை ஒரு நொதி வெட்டி நீக்குகிறது. அவை மெத்தனாலாக மாறி இலைத்துளைகள் வழியே வெளியேறுகின்றன. செடிகள் கணிசமான அளவில் மெத்தனாலை வெளியிடுகின்றன என்பது 1993இல் அளந்து காட்டப்பட்டது. இரவில் இலைத்துளைகள் மூடியிருக்கையில் உள்ளே தேங்கும் மெத்தனால், காலையில் அவை திறந்ததும் ஒரு வீச்சாக வெளிவருகிறது. மற்ற பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றுக்கு உதவாத இந்த ஆவி, மெத்தைலோபாக்டீரியத்துக்குக் காலைச் சோறு. மெத்தனாலை உண்ணும் திறனை இழக்கச் செய்த வகையையும் இயல்பான வகையையும் ஒரே செடியில் ஒன்றாக விட்டுப் பார்த்தபோது இயல்பான வகையே முந்தியது என்று 2005இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. சோயா, குளோவர், ஆய்வகச் செடியான அராபிடாப்சிஸ் ஆகியவற்றின் இலைகளிலிருந்து நேரடியாகப் புரதங்களைத் திரட்டிச் சுவிட்சர்லாந்தின் ஃவோர்ஹோல்ட் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்விலும், இலைமேல் மிகுந்திருக்கும் இரண்டு மூன்று கூட்டங்களுள் ஒன்றாக இது நின்றது.

இங்கே ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். நாம் டப்பாவில் வாங்கித் தெளிக்கும் உயிரி, நம் வயலுக்கு அயலான் அல்ல. அதன் உறவினர்கள் தெளிப்பதற்கு முன்பே அந்த இலையில் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

மிசௌரியில் தொடங்கிய ஐயம்

ஊக்கி என்ற கருத்து எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால், அமெரிக்காவின் மிசௌரிப் பல்கலைக்கழகத்தில் ஹாலண்ட், போலக்கோ ஆகிய இருவரும் சோயாவை வைத்துச் செய்த வேலைக்குப் போய்ச் சேர்கிறோம். அவர்கள் தேடியது வளர்ச்சி ஊக்கியையே அல்ல. யூரியாவைச் சிதைக்கும் யூரியேஸ் நொதியின் செயல் குன்றிய சோயாப் பிறழ்விகளை (மரபணு மாறிய செடிகளை) ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அச்செடிகளின் இலைமேல் வாழ்ந்த மெத்தைலோபாக்டீரியத்திலும் அதே நொதியின் செயல் குறைந்திருப்பதை 1992இல் கண்டார்கள். செடியின் மரபணுக் குறை, செடியில் ஒட்டி வாழும் பாக்டீரியாவின் நடத்தையிலும் தெரிகிறது. அப்படியானால், செடியின் இயல்பு என்று நாம் அளந்து எழுதி வைத்தவற்றில் எவ்வளவு செடியினுடையது, எவ்வளவு ஒட்டுக்குடியினுடையது? 1994இல் அவர்கள் எழுப்பிய இக்கேள்வி, செடியியல் ஆய்வகங்கள் பலவற்றுக்கும் சங்கடமானது.

அதைத் தொடர்ந்து விதையில் சோதனை நடந்தது. சோயா விதையைச் சூடுபடுத்தி அதிலுள்ள இப்பாக்டீரியாவின் எண்ணிக்கையைக் குறைத்தால் முளைப்புத்திறன் குறைந்தது; பாக்டீரியாவைத் திரும்பச் சேர்த்தால் தேறியது; பாக்டீரியாவுக்குப் பதிலாகச் சைட்டோகைனினைக் கொடுத்தாலும் தேறியது. இதிலிருந்து பாக்டீரியாவின் கொடை சைட்டோகைனின்தான் என்ற முடிவுக்கு வருவது இயல்பு. பின்னாளில் டப்பா உறைகளில் ஏறிய விளக்கத்தின் வேர் இதுவே. 2000த்தை ஒட்டிய ஆண்டுகளில் ருஷ்யாவின் புஷ்சினோ ஆய்வாளர்கள் இப்பாக்டீரியாக்கள் ஆக்சினையும் உருவாக்குகின்றன என்று காட்டியதும் அது மேலும் வலுவடைந்தது.

2002இல் போலக்கோவின் கூட்டாளிகளே அந்த வேரைத் தோண்டிப் பார்த்தார்கள். சைட்டோகைனின் வகையான சியாட்டினை மிக நுட்பமான கருவிகளால் அளந்தபோது, ஒரு லிட்டர் வளர்ப்புத் திரவத்தில் 22 முதல் 111 நானோகிராம் வரையே கிடைத்தது. நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்தச் சிறு அளவும் செடிக்காகச் சுரந்தது அன்று. பாக்டீரியா தன் புரதங்களைக் கட்டப் பயன்படுத்தும் கடத்து ஆர்என்ஏ மூலக்கூறுகள் சிதையும்போது உதிர்ந்த துணுக்கு. இதை உறுதிப்படுத்த, அந்த ஆர்என்ஏவில் குறிப்பிட்ட மாற்றத்தைச் செய்யும் மரபணுவைச் செயலிழக்கச் செய்தார்கள்; சியாட்டின் முழுதும் மறைந்தது. பிறகு, சியாட்டின் அற்ற அந்த வகையையும் இயல்பான வகையையும் சூடுபடுத்திய சோயா விதைகளில் தனித்தனியே சேர்த்து முளைக்கவிட்டார்கள். இரண்டும் ஒரே அளவுக்கு முளைப்பைத் தூண்டின.

என் பார்வையில், இத்துறையில் செய்யப்பட்ட சோதனைகளில் மிக நேர்மையானது இது. தம் விளக்கமே பொய்க்கக்கூடிய இடத்தில் போய்ச் சோதித்து, கிடைத்ததை அப்படியே வெளியிட்டிருக்கிறார்கள். இருபதாண்டுகளுக்கு மேலாகியும் அந்த முடிவு நம் உறைகளையும் கையேடுகளையும் வந்தடையவில்லை.

ஒரு கணக்கு

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அளவு பயிருக்கும் தயாரிப்புக்கும் ஏற்ப மாறும் என்றாலும், வறட்சித் தெளிப்பில் பரவலாகப் பேசப்படும் 1 சதவீதக் கரைசலையே எடுத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்றால் அதில் 2 லிட்டர் பிபிஎஃப்எம். மேற்சொன்ன ஆய்வின் உயர்ந்த அளவையே வைத்தாலும், ஏக்கருக்குப் போய்ச் சேரும் சியாட்டின் 222 நானோகிராம். செயற்கைச் சைட்டோகைனினை 10 பிபிஎம் அளவில், அதாவது லிட்டருக்கு 10 மில்லிகிராம் வீதம், 200 லிட்டரில் கலந்து தெளித்தால் ஏக்கருக்குப் போவது 2 கிராம். முன்னதைப் போல் ஏறக்குறைய 90 லட்சம் மடங்கு. வேறு வகைகள் இதைவிடக் கூடுதலாகச் சுரக்கும், வளர்ப்புத் திரவத்தை மாற்றினால் அளவும் மாறும் என்பதெல்லாம் சரி. ஆயிரம் மடங்கு கூட்டிக்கொண்டாலும் இடைவெளி 9,000 மடங்காக நிற்கிறது. ஆகவே டப்பாவில் இருக்கும் ஊக்கி பயிரை வளர்க்கிறது என்ற பேச்சை இங்கேயே விட்டுவிடலாம்.

இதற்கு மறுமொழி ஒன்று உண்டு: ஊக்கி டப்பாவில் வரவேண்டியதில்லை, பாக்டீரியா இலைமேல் பெருகி அங்கேயே சுரக்கும் என்பது. அதையும் எண்ணிப் பார்ப்போம். திரவ உயிர் உரங்களுக்கு இந்திய உரக் கட்டுப்பாட்டு ஆணை கேட்கும் குறைந்த அளவு, ஒரு மில்லியில் 10 கோடி உயிர்ச்செல்கள். நம் திரவமும் அந்தத் தரத்தில் இருப்பதாகக் கொண்டால், 2 லிட்டரில் 20,000 கோடி செல்கள். கேட்பதற்குப் பெரிய எண். ஆனால் ஓர் ஏக்கர் நிலத்தில் பயிர் நன்கு மூடி, இலைப்பரப்பு நிலப்பரப்பைப் போல் மூன்று மடங்கு இருக்குமானால், இலையின் ஒரு பக்கம் மட்டுமே 12 கோடி சதுர சென்டிமீட்டர். ஒரு துளியும் கீழே சிந்தாமல், ஒரு செல்லும் சாகாமல் சேர்ந்தாலும் சதுர சென்டிமீட்டருக்கு 1,650 செல்கள்தான். இலைமேல் இயல்பாக இருக்கும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கையோ சதுர சென்டிமீட்டருக்கு 10 லட்சம் முதல் 1 கோடி வரை என்று மதிப்பிடுகிறார்கள். திருவிழாக் கூட்டத்துக்குள் ஒரு குடும்பம் நுழைவதுபோலத்தான். நுழைந்தபின் பல்கிப் பெருகலாம். ஆனால் நல்ல இடங்களில் முன்பே உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து இடம் தரவேண்டும். ஆய்வகத்தில் சத்துள்ள திரவத்திலேயே இது இரட்டிப்பாக மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கிறது. காய்ந்த இலைமேல் அதைவிட மெதுவாகத்தான் இருக்கும்.

வறட்சி என்று வரும்போது இன்னொரு முரணும் தலைகாட்டுகிறது. மெத்தனால் மிகுதியாக வருவது விரியும் இளம் இலையிலிருந்து. வாட்டத்தில் முதலில் நிற்பதே இலை விரிவுதான்; இலைத்துளைகளும் மூடிக்கொள்கின்றன. பாக்டீரியாவின் உதவி மிக வேண்டிய நேரத்தில் அதன் சோற்றுப்பானை காலியாகிறது. இது என் அனுமானமே. ஆனால் வாட்டம் கண்ட பின்பு தெளிப்பதைவிட, பயிர் இன்னும் தளிர் விட்டுக்கொண்டிருக்கும்போதே தெளிப்பது நல்லது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஊக்கியைக் கொடுப்பதா, குறைப்பதா

சைட்டோகைனின் கதை தளர்ந்துவிட்டதால் இப்பாக்டீரியாவே வீண் என்று ஆகிவிடாது. சில வகைகளிடம் வேறொரு கருவி இருக்கிறது. தண்ணீர்த் தட்டுப்பாட்டில் செடி ஏசிசி என்னும் பொருளைக் கூடுதலாக உருவாக்குகிறது. அது எத்திலீன் ஆவியாக மாறி இலையைப் பழுக்கச் செய்கிறது, பூவையும் பிஞ்சையும் உதிர்க்கிறது. பயறு வகைகளில் மகசூல் போவது பெரும்பாலும் இந்தப் பூ உதிர்விலேதான். ஏசிசியை அம்மோனியாவாகவும் கீட்டோ அமிலமாகவும் சிதைக்கும் நொதி ஒன்று சில பாக்டீரியாக்களிடம் உண்டு; மெத்தைலோபாக்டீரியத்தின் சில இனங்களிலும் அது இருப்பதைத் தென்கொரியாவின் சுங்புக் தேசியப் பல்கலைக்கழகத்தில் மதையன், டோங்மின் சா முதலியோர் 2006ஆம் ஆண்டளவில் காட்டினார்கள். இங்கே நடப்பது ஊக்கியைக் கொடுப்பது அன்று. தீங்கான ஊக்கியின் மூலப்பொருளைத் தின்று குறைப்பது. டப்பாவில் வரும் ஊக்கியின் அளவை இது சார்ந்ததன்று என்பதால் மேற்போட்ட சியாட்டின் கணக்கு இதைப் பாதிக்காது; செல்களின் எண்ணிக்கை பற்றிய கணக்கு இதற்கும் பொருந்தும். ஆனால் ஏசிசி இருப்பது திசுவுக்குள்ளே. மேற்பரப்பில் இருக்கும் பாக்டீரியாவுக்குக் கசிந்து வருவது மட்டுமே கிடைக்கும். இலைத்துளை வழியே உள்ளே புகுந்து வாழ்பவற்றுக்கு வாய்ப்பு அதிகம். இப்பேரினத்தில் திசுவுக்குள் வாழ்பவையும் உண்டு: நெல்லின் தண்டுத் திசுவிலிருந்து பிரித்து 2007இல் பெயரிடப்பட்ட மெத்தைலோபாக்டீரியம் ஒரைசே அத்தகையது.

எல்லா இனங்களிடமும் இந்த நொதி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்படியானால் பிபிஎஃப்எம் என்ற பொதுப்பெயர் நமக்கு எதையும் சொல்லவில்லை. 'நெல்' என்று மட்டும் எழுதி ரகம் எழுதாத விதைமூட்டையை எந்த விவசாயியும் வாங்கமாட்டார். பாக்டீரியா டப்பாவிலும் எந்த இனம், எந்த வகை என்று கேட்பதே முறை.

தமிழ்நாட்டுச் சோதனைகளும் அரிசோனாவின் பாடமும்

இப்பாக்டீரியாவைத் தமிழ்நாட்டுப் பயிர்களில் முறையாகச் சோதித்த தொடக்க ஆய்வுகள் நெல்லிலும் கரும்பிலும் நடந்தவை. கோ 47 நெல்லில் வளர்ச்சி கூடியதோடு, இலையுறைக் கருகல் நோய்க்கு எதிரான தாங்குதிறன் தூண்டப்பட்டதும் 2004இல் வெளியானது. கோ 86032 கரும்பில் முளைப்பும் வளர்ச்சியும் மகசூலும் கூடியதாக 2005இல் மதையனும் மற்றவர்களும் எழுதினார்கள். கரணையை நனைப்பது, மண்ணில் இடுவது, இலையில் தெளிப்பது ஆகியவற்றைத் தனித்தனியாகவும் சேர்த்தும் அதில் பார்த்தார்கள். கரணை நனைப்பும் விதை நேர்த்தியும்தான் இவற்றுள் நம் கவனத்துக்கு உரியவை என்று நினைக்கிறேன். முளைவிடும் நிலையில் கூட்டம் குறைவு. முதலில் வந்தவனுக்கு இடம் கிடைக்கும்.

வளர்ந்த பயிரின்மேல் தெளித்துப் பார்க்கும் சோதனைகளில் பெரிய சிக்கல் ஒப்பீட்டில்தான். வெறும் தண்ணீர் தெளித்த பாத்தியோடு பிபிஎஃப்எம் தெளித்த பாத்தியை ஒப்பிட்டால், வந்த வேறுபாடு பாக்டீரியாவால் வந்ததா, அதை வளர்த்த திரவத்தில் மிஞ்சிய தாது உப்புகளாலும் மெத்தனாலாலும் வந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இந்தக் கவலை வீணானது அன்று. ஒளிச்சேர்க்கையின் கரிமப் பாதையைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான பென்சன், நோனோமுரா என்பவருடன் சேர்ந்து, அரிசோனாவின் சுடுவெயிலில் மெத்தனால் கரைசலை மட்டும் தெளித்தே பருத்தி முதலிய பயிர்களில் வளர்ச்சியும் மகசூலும் கூடியதாக 1992இல் அறிவித்தார். செய்தி பரவியது, விவசாயிகளும் தெளித்தார்கள். பின்னர் வேறு வேறு இடங்களில் செய்த சோதனைகள் பலவற்றில் அந்தப் பலன் கிட்டவில்லை. பெரிய அறிஞரின் பெயர் ஒரு தெளிப்பை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

அண்மையில் அமெரிக்காவின் வடமத்திய மாநிலங்களில் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து, காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தருவதாக விற்கப்படும் பாக்டீரியாத் தயாரிப்புகளை 61 இடங்களில் சோதித்து 2023இல் முடிவை வெளியிட்டன. மெத்தைலோபாக்டீரியம் அடங்கிய இலைத் தெளிப்பும் அவற்றுள் இருந்தது. மகசூல் கூடியது 2 இடங்களில் மட்டுமே. அது தழைச்சத்தைப் பற்றிய சோதனை, ஊக்கியைப் பற்றியது அன்று என்பதை மறக்கக்கூடாது. எனினும் ஆய்வுப் பண்ணையின் ஒரு பருவப் பலனையும் பல இடங்களில் கிடைக்கும் பலனையும் ஒன்றாக எண்ணக்கூடாது என்பதற்கு அது போதும்.

வயலில் செய்யத்தக்கது

தெளிக்கக்கூடாது என்பது என் முடிவு அன்று. விலை அதிகமில்லாத, நஞ்சற்ற, பயிரைக் கெடுக்காத தெளிப்பு இது. இப்பேரினம் குழாய்நீரிலும் குளியலறைத் திரையிலும்கூடக் காணப்படுவது. நோய் எதிர்ப்பாற்றல் மிகக் குன்றிய நோயாளிகளிடம் அரிதாகத் தொற்று கண்டிருப்பதால், அத்தகையவர்கள் தெளிப்பு வேலையைத் தவிர்ப்பது நல்லது. தெளிப்பவர் மனத்தில் வைக்க வேண்டியது, டேங்கில் இருப்பது உயிர் என்பதே. கடைமுகப்பில் வெயில் பட நாள்கணக்கில் நின்ற டப்பாவில் எத்தனை செல் பிழைத்திருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. முந்தின நாள் காப்பர் மருந்தோ பாக்டீரியாக் கொல்லியோ அடித்த தெளிப்பானை நன்கு கழுவாமல் இதை ஊற்றினால், தெளிப்பது பிணங்களை. உச்சிவெயிலில் துளிகள் நொடியில் காய்ந்துவிடும் என்பதால் காலையோ மாலையோ தெளிக்கச் சொல்வது பொருளுள்ள அறிவுரை. இலையின் அடிப்புறமும் நனையவேண்டும், ஏனெனில் இருவித்திலைப் பயிர்கள் பலவற்றில் இலைத்துளைகள் அங்கேதான் மிகுதி.

பலன் உண்டா என்று தம் வயலிலேயே அறிய விரும்பும் ஒருவர், அல்லது அவருக்கு உதவும் வேளாண் அறிவியல் நிலையம், நான்கு வகைப் பாத்திகளைக் கொண்டு அதைச் செய்யலாம். ஒன்றில் எதுவும் வேண்டாம், ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் அதே பிபிஎஃப்எம் திரவத்தைக் கொதிக்க வைத்து ஆறவிட்டது, ஒன்றில் உயிருள்ளது. ஒவ்வொரு வகைக்கும் குறைந்தது நான்கு பாத்திகள், சீட்டுக் குலுக்கி இடம் மாற்றி. கொதிக்க வைத்ததும் உயிருள்ளதும் ஒரே மகசூலைத் தந்தால், பயிருக்குப் போனது சத்துநீர்தான். அதற்கு 2 சதவீத டிஏபி கரைசல் போதும். உயிருள்ள பாத்தி மட்டும் பல பருவங்களில் தொடர்ந்து முந்தினால், அங்கே மெய்யாகவே ஏதோ நடக்கிறது.

இலை அச்சு இந்த இடத்தில் ஓரளவே உதவும். தெளித்து 10 நாள் கழித்து நான்கு பாத்திகளின் இலைகளையும் அகார் தட்டில் பதித்தால், எல்லாத் தட்டுகளிலும் இளஞ்சிவப்பு எழும். நிறத்தை வைத்து எது நாம் தெளித்தது, எது ஏற்கெனவே இருந்தது என்று பிரித்தறிய முடியாது. தெளிக்கும் வகைக்கு மட்டும் உரிய மரபணு அடையாளத்தை, மரபணுத் துணுக்கைப் பல மடங்கு பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் முறையில் தேடினால்தான் அது தெரியவரும்.